சல்லடையில் விழுந்த காய்

மதுரையில் அறுத்தெடுத்த தைராய்டுக் கட்டியின் சோதனை முடிவு செல்போனுக்கு வந்தபோது, அதில் மகாராணிக்குப் புரிந்தவை 'ஹை கிரேடு' என்ற இரண்டே சொற்கள். போடியில் பதினெட்டு வருடமாக ஏலக்காய் தரம் பிரிக்கிறவள் அவள். பச்சை மாறாமல், எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் மேலே நிற்கிற காய்தான் அங்கே ஹை கிரேடு. புற்றுநோய்தான் என்றாலும் நல்ல ரகமாக வாய்த்திருக்கிறதே என்று அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கழுத்துக் கட்டோடு ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் போய், உடன் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் பருப்பு வடை வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் தையல் பிரித்த நர்சு விவரம் சொன்னாள். இந்தச் சீக்கில் கிரேடு ஏற ஏற ஆபத்தாம், வேகமாகப் பரவுமாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் வடை தின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தன் சாவுக்குத் தானே வடை வாங்கிக் கொடுத்தவள் தேனி ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மகள் முத்துப்பிரியாவுக்குத் தையில் கல்யாணம். அதுவரை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு சோதிக்கிற டாக்டர் ஜோதிக்கு அந்த முடிவில் சந்தேகம் இருந்தது. சதைத்துண்டு வைத்த கண்ணாடித் தகடுகளை இன்னொரு டாக்டருக்கும் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார். மகாராணியின் கணவன் சோலைமலை அன்று மலைக்கு ஜீப்பு ஓட்டப் போகாமல் கூடவே வந்தான்.

"மொதல்ல பாத்தவங்க தோராயமாச் சொல்லிட்டாங்கம்மா" என்றார் டாக்டர். "நாங்க ரெண்டு பேரும் எதெது இருந்தா ஹை கிரேடுன்னு பேரு வைக்கணும்னு மொதல்ல பேசி முடிவு பண்ணுனோம். செல்லு எப்படி அடுக்கியிருக்கு, எங்கயாச்சும் செத்துக் கெடக்கா, எத்தன செல்லு ரெண்டாப் பிரியுது. அப்புறம் தனித்தனியாப் பாத்து எண்ணுனோம். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். இது ஹை கிரேடு இல்ல. சாதாரண வகை."

மகாராணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கண்ணால பாத்தா ஆளுக்கொரு கிரேடு சொல்லுவாக, டாக்டரம்மா. நீங்க சல்லடையில போட்டுட்டீக. என் காயி கீழ விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சும்மா. தெனம் மாத்திர போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டுங்க."

மூன்று வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. சோலைமலை துண்டை நீட்டினான்.

"கிரேடு கொறஞ்சதுக்கு இம்புட்டுச் சந்தோசப்பட்ட ஆளு போடியிலயே நீ ஒருத்திதான்" என்றான். துண்டைத் திரும்ப வாங்கித் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சல்லடையை ஆட்ட ஆட்ட, பெரிய காய்கள் மேலே நின்றன. பொடிக்காய்கள் சாக்கில் உதிர்ந்தன. குனிந்து அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

"ஏ ஆத்தா, மட்டக் காயவா திங்கிற?" என்றாள் பக்கத்திலிருந்த பெரியம்மாள்.

மகாராணி மென்று விழுங்கினாள். கழுத்துத் தழும்பு லேசாக இழுத்துப் பிடித்து விட்டது. இன்னொன்றுக்காகக் குனிந்தாள்.