கொடிக்கயிற்றில் பாதி

ஞாயிற்றுக்கிழமை என்றால் அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். லிஃப்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கத் தோதான நாள். அதனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையில் சேர்ந்த காலம் முதல் ஞாயிறு வேலை, செவ்வாய் விடுமுறை.

தனியாள். செவ்வாய்க்கிழமை தனியாக இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. அவர் குடியிருந்த கட்டிடமே காலியாக இருக்கும். காலையில் துணி துவைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோவார். தரைத்தளத்தில் தையல்கடை வைத்து, பின்னறையிலேயே குடியிருந்த தையல்கார அம்மாவும் அன்றுதான் வாளியோடு வருவார். ஞாயிறு முழுக்கக் கடையில் கூட்டம், திங்களில் மிச்சம்மீதித் தையல். அவருக்கும் செவ்வாய்தான் ஓய்வு.

மாடியில் ஒரே கொடிக்கயிறு. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அந்த அம்மாவுக்கு, படிக்கட்டுப் பக்கம் மெக்கானிக்குக்கு. நடுவில் ஒரு சாண் இடைவெளி. பேசி வைத்துக்கொண்டதில்லை. மழை வந்தால்கூட அவரவர் துணியை அவரவர் எடுப்பதுதான் வழக்கம். அடுத்தவர் துணியில் கை வைத்ததில்லை.

காயும்வரை தொட்டி நிழலில் ஃபிளாஸ்க் டீ. பேச்சு பெரும்பாலும் அந்த அம்மாவுடையது.

"அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குறாங்க. தைச்சுக் குடுத்ததும், துணியில பாதியை நான் தின்னுட்டேன்னு சண்டைக்கு வர்றாங்க, லிஃப்ட்டுக்காரரே."

மெக்கானிக் சிரிப்பார். மற்ற நாட்களில் அவர் திரும்பும்போது கடை மூடியிருக்கும். ஆறு நாளும் அவர் பேச்சு இரும்போடுதான்.

ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி அறிவித்தார். மெக்கானிக் இத்தனை வருஷம் ஞாயிறுகளைத் தொலைத்த மனிதர். இனி பெரிசு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இருக்கட்டும். யாரோ சூப்பர்வைசர் காதைக் கடித்தார்கள். சரி, ஓய்வாவது எடுக்கட்டும் என்று திருத்திக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மெக்கானிக் வாளியோடு மாடி ஏறினார். கொடி முழுக்கப் போர்வைகள். பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய துணிக்குக் கைப்பிடிச் சுவர்தான் கிடைத்தது. கீழே இறங்கித் தையல்கடை வாசலில் நின்றார். உள்ளே ஐந்தாறு பேர். அந்த அம்மாவின் கழுத்தில் டேப், உதடுகளுக்கிடையே குண்டூசிகள். இவரைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். ஊசிகளை எடுத்துவிட்டுப் பேசுவதற்குள் ஒரு பெண் அளவுக்குக் கையை நீட்டினாள். செவ்வாய் போய்விட்டதைச் சொல்லக்கூட முடியவில்லை.

மெக்கானிக் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் சாப்பிட உட்காரும் சத்தம் கேட்டது.

திங்களன்று சூப்பர்வைசர் முன் போய் நின்றார்.

"எனக்குச் செவ்வாயே இருக்கட்டும் சார்."

"அவனவன் ஞாயித்துக்கிழமை கேட்டு என் உயிரை வாங்குறான். நீங்க குடுத்ததைத் திருப்பிக் குடுக்கறீங்க. அப்படி என்ன இருக்கு செவ்வாயில?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சுற்றிலும் ஆட்கள்.

"துணி துவைப்பேன் சார்."

"ஏன், ஞாயித்துக்கிழமை துவைச்சா அழுக்குப் போக மாட்டேங்குதா?"

அறையே சிரித்தது. மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். ஆள் மாற்றிப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சூப்பர்வைசர் ஃபோனை எடுத்தார்.

அன்று வீடு திரும்பியதும் ஒரே ஒரு சட்டையைத் துவைத்தார். செவ்வாய் விடிந்து வேலைக்குக் கிளம்புமுன், கொடியில் படிக்கட்டுப் பக்கம், தன் பாதியில் போட்டு இரண்டு கிளிப் மாட்டினார். ஆள் இல்லாவிட்டாலும் இடம் இருக்கட்டும்.

மத்தியானம் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று இரும்புவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேலே கூரையில் மழை பிடித்துக்கொண்டது. நின்று கேட்டார். அந்த அம்மா இந்நேரம் தன் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கியிருப்பார். சட்டை நனையும். நனைந்தால் என்ன, காயும் என்று சொல்லிக்கொண்டார். கை ஓடவில்லை.

மாலையில் தன் கதவைக்கூடப் பார்க்காமல் நேராக மாடிக்கு ஏறினார். கொடி வெறுமையாக இருந்தது. அவருடைய பாதியிலும் சொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர் மட்டுமே.

இறங்கி வந்தபோது அறைக் கதவின் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே சட்டை, இஸ்திரி போட்டு மடித்து. சட்டைப்பையில் இரண்டு கிளிப்.

கீழே போய்ப் பார்த்தார். கடை மூடியிருந்தது. பின்னறையில் விளக்கில்லை. தட்டவில்லை.

சட்டையை அவர் போட்டுக்கொள்ளவில்லை. மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தார். அடுத்த திங்கட்கிழமை, அழுக்கே இல்லாத அதே சட்டையை எடுத்து வாளியில் முக்கினார்.