பன்னிரண்டு அங்குலம்

தையல்காரர் சொன்ன தேதியில் தவறுவாரே தவிர, அளவில் தவறியதே இல்லை. அந்தக் கர்வத்தோடுதான் கடைச் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தின் மேல் இஞ்ச் டேப்பை வைத்தார்.

"ஏறிட்டேன். யாரும் ஏர்போர்ட்டுக்கு அலைய வேண்டாம்" என்று மகளிடமிருந்து காலை ஐந்து மணிக்குச் செய்தி. இறங்கும் நேரம் அதில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது, "போறவ போகட்டும்" என்று இவர் மெஷினை விட்டுத் தலை நிமிரவே இல்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதெல்லாம் அம்மா வழியாகத்தான். இன்று அவள் வெளியே வரும்போது எதிரில் நின்றுவிட வேண்டும். இதையும் தவறவிட்டால் தன்னையே மன்னிக்க மாட்டார். மனைவியிடம் நேரம் கேட்டிருக்கலாம். கேட்டால் வீம்பு என்னாவது?

"இருபத்தொன்பது அங்குலம். அங்குலத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர்னு கீழ போட்டிருக்கான். மணிக்குத் தொள்ளாயிரம்னு வச்சாலும் பதினாறு மணி நேரம். ஒன்பதுக்கு மேலதான் இறங்கும்."

காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போகாத ஏர்போர்ட்டுக்கு எதுக்குங்க கணக்கு?"

"யார் போறா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"அது சரி. தொப்பை இருக்கிறவருக்குச் சட்டை தைக்க ஆளை அளப்பீங்களா, போட்டோவை அளப்பீங்களா?"

அவர் கை அப்படியே நின்றது.

பரணிலிருந்து மகளின் பள்ளிக்கூடத்து உலக உருண்டையை இறக்கித் தூசி தட்டினார். முதலில் இடுப்பைச் சுற்றி அளந்தார். நாற்பது அங்குலம். பூமியின் இடுப்பு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று அடியிலேயே அச்சிட்டிருந்தது. அப்படியென்றால் அங்குலத்துக்கு ஆயிரம். அவள் ஏறின ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவே டேப்பை இழுத்துப் பிடித்தார். படத்தில் கடலோடு நேராகப் போன வழி, இங்கே வடக்கே பனிப் பிரதேசத்தின் தோளில் ஏறி இறங்கியது. பன்னிரண்டே அங்குலம்.

பதின்மூன்று மணி இருபது நிமிஷம். ஆறு இருபதுக்கே இறங்கிவிடுவாள்! கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏய், கடையைப் பூட்டு!"

மனைவி கைப்பையோடு வாசலில் நின்றாள். "டாக்ஸிக்கு எப்பவோ சொல்லியாச்சு. நேரத்தை எங்கிட்ட சொல்லாமயா ஏறுவா? நீங்களா வாயைத் திறந்து கேட்பீங்கன்னு பார்த்தேன். அளந்துக்கிட்டே இருக்கீங்க!"

ஏழு மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மகள், தடுப்புக் கம்பியை ஒட்டி நின்ற அப்பாவைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அவர் கழுத்தில் இஞ்ச் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் நுனியைப் பிடித்தாள்.

"என்னப்பா, ஏர்போர்ட்டுக்கு அளவெடுக்க வந்தீங்களா?"



"பன்னெண்டே அங்குலம்தாம்மா" என்றார். "இவ்வளவு பக்கத்துலதான் இருந்திருக்கே. மூணு வருஷமா நான்தான் தப்பா அளந்துட்டேன்."