கண்ணாடித்தாள் குடித்த தண்ணீர்

ஈரத்தைப் பற்றிப் பழனியப்பனுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. கோப்பெங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையை இருபது வருஷம் கட்டி மேய்த்தவராம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கைப்பட எழுதிக் கொடுத்த நற்சான்றிதழை, மிட்டாய்க்குச் சுற்றுகிற கண்ணாடித்தாளில் பொதிந்து, புந்தோங் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்கும் மேலே மாட்டி வைத்திருக்கிற மனுஷர். அப்படிப்பட்ட அண்ணனைக் கேட்காமல் தங்கச்சி மங்களம், தான் சுட்டு விற்கிற முறுக்கைப் பையில் போட்டுவிட முடியுமா?

மங்களத்துக்கு அது வாழ்வா சாவா. எழுபத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு முன்னால், தெலுக் இந்தான் ஊர்க் கடைக்காரர் முகம்மது கௌஸ் சொல்லியிருந்தார்: பத்து நாள் மொறுமொறுப்பு குறையாவிட்டால் வருஷம் முழுக்க அவளிடமே சரக்கு. வீங்கின காலோடு பஸ் பஸ்ஸாக ஏறிக் கூடை தூக்குகிற பிழைப்பு அதோடு ஒழியும்.

அண்ணன் பரிசோதனை நடத்தினார். பிளாஸ்டிக் பைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், உருண்டு ஓடியது. கண்ணாடித்தாளில் விட்டார், தாள் அதை உறிஞ்சித் துவண்டது.

"பாத்தியா லா," என்றார். "பிளாஸ்டிக்கு தள்ளிவிட்ட தண்ணி உள்ள போக வழி தேடும். இது குடிச்சிரும். குடிச்சது அது வயித்துலயே கெடக்கும், முறுக்குகிட்ட எப்படிப் போகும்? நான் பாக்காத ஈரமா?"

பாவி மகள் நம்பி, முறுக்கைக் கண்ணாடித்தாளிலேயே கட்டி அனுப்பினாள்.

நாலாம் நாளே கௌஸ் மூட்டையோடு வந்து இறங்கினார். "உடைக்கப் பாத்தேம்மா, வளையுது. இன்னொரு தடவ பாக்குறேன், அவ்வளவுதான்," என்றார்.

"மாவு சரியில்ல," என்றார் அண்ணன்.

மங்களம் தாளையே சோதித்துப் பார்க்கத் துணிந்தாள். இரண்டு தம்ளரில் காய்ந்த கல்லுப்பைப் போட்டு, ஒன்றின் வாயைக் கண்ணாடித்தாளாலும் மற்றதைப் பிளாஸ்டிக்காலும் இறுக்கிக் கட்டி, மழைக்காற்றில் வைத்தாள். மூன்று நாளில் கண்ணாடித்தாளுக்குக் கீழே உப்பு கசிந்து கிடந்தது. பிளாஸ்டிக்குக் கீழே கலகலவென்று இருந்தது. அந்தத் தாள் இந்தப் பக்கம் குடித்து அந்தப் பக்கம் கக்குகிறது. பிளாஸ்டிக் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்வதில்லை, அப்புறம் எதை எடுத்து உள்ளே கொடுக்கும்?

புது முறுக்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மெழுகுவத்தி நெருப்பில் ஒட்டி அனுப்பினாள். பதினோராம் நாள் கௌஸ் ஆள் அனுப்பி அடுத்த ஐம்பது பை கேட்டார்.

"நான் மாவ மாத்தச் சொன்னேன், ருசி பாரு," என்று அண்ணன் புந்தோங் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

மங்களம் அவர் வீட்டுக்கே போனாள். நாற்காலி போட்டு ஏறி, வருஷக்கணக்கில் யாரும் கிட்டப் போய்ப் பார்க்காத அந்த நற்சான்றிதழை இறக்கினாள். கண்ணாடித்தாளுக்குள்ளே பூஞ்சை கறுப்புக் கறுப்பாகப் பூத்திருந்தது. துரை கையெழுத்து இருந்த இடத்தில் நீலக் கறைதான் மிச்சம்.

"ஏண்ணே," என்றாள், "துரை கடுதாசிக்கும் மாவு சரியில்லையா?"