படையலில் வைத்த பம்பு

செத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் அப்பாதுரை எனக்கு ஒழுங்காகத் தொல்லை கொடுக்க ஆரம்பித்தார். உயிரோடு இருந்தபோது கொடுத்தது போதாதா என்று அவர் படத்துக்கு முன்னால் நின்றே கேட்டிருக்கிறேன்.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. எல்லாம் பீடியால். கடைசி சில வருஷம் வாயில் வைத்து இழுக்கும் மருந்துதான் அவரை ஓட்டியது. நீல நிறத்தில் ஒரு பம்பு, அதைச் செருக ஒரு பிளாஸ்டிக் குடுவை. பம்பை அழுத்தினால் மருந்து குடுவைக்குள் நிற்கும். வாய் வைத்து இழுத்தால் குடுவையின் வால்வு 'டிக்' என்று திறக்கும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் என் இட்லிக் கடை. விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் என் காது பின்கட்டில் அந்த 'டிக்'கைத் தேடிக்கொண்டிருக்கும். அது கேட்டால்தான் எனக்கும் மூச்சு வரும்.

காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட மறுநாள் காலை, அடுப்பு மூட்டும்போது எனக்குப் பின்னால் அவருடைய இழுப்பு கேட்டது. மெல்லிய விசில், அதற்கு அடியில் ஒரு கொரகொரப்பு. அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

அன்றிலிருந்து விடவேயில்லை. மாவு வாளியைத் தூக்கினால் பின்னாலேயே வந்தார். மாடிப்படி ஏறினால் கூடவே ஏறினார். நான் நின்றால் கொஞ்சம் பொறுத்து அவரும் நின்றார். பாயில் சாய்ந்தால் காதோரம் வந்து உட்கார்ந்துகொண்டார். எங்கேதான் இருக்கிறார் பார்ப்போம் என்று மூச்சை அடக்கிக் காது கொடுத்தால், அவரும் அடக்கிக்கொள்வார். திருட்டு மனுஷன்.

பயமாக இருந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. செத்தும் இந்த மனுஷனுக்கு மூச்சு கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

அமாவாசைக்குப் படையல் போட்டேன். எதிர்வீட்டு எல்லம்மாள், "அவருக்குப் புடிச்சதாச்சே, ஒரு கட்டு பீடி வெச்சுடுக்கா" என்றாள்.

"அதைக் குடிச்சித்தான் போய்ச் சேந்தாரு. இன்னொரு தபா சாவடிக்கணுமா? போடி அந்தாண்ட" என்று விரட்டிவிட்டேன்.

வடை பாயசத்துக்குப் பக்கத்தில் அவர் மிச்சம் வைத்துப்போன பம்பையும் குடுவையையும் வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டுப் பம்பை அழுத்தி, குடுவையைப் படத்தின் வாய்க்கு நேராக நீட்டினேன். "இழுய்யா" என்றேன். வால்வு அசையவில்லை. சாமி சாப்பிடுவது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறதா என்ன, இதுவும் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

படைத்ததை வீட்டு மனுஷர்கள் சாப்பிட வேண்டும், வீணாக்கக் கூடாது. வடையைப் பிறகு தின்னலாம். குடுவையில் நிற்கும் மருந்தை என்ன செய்வது? அதுவும் படையல்தானே. வாய் வைத்து இழுத்தேன். டிக்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் இழுப்பு நின்றுவிட்டது.

படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மனுஷனுக்கு மூச்சு வந்துவிட்டது. இனி அமாவாசைக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? இழுப்பு கேட்கும்போதெல்லாம் முதலில் அவருக்குக் காட்டி, மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் தின்ற பிறகுதானே எனக்குச் சோறு. வேங்கிக்காலில் குடியிருக்கும் என் மகள் தேவிப்ரியா வந்தபோது, "இன்னாம்மா, அப்பா பம்பு இன்னும் இங்கயே கெடக்குது. தூக்கிப் போடு" என்றாள்.

"கைய வெச்சின்னா ஒடச்சிடுவேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மார்கழிக் குளிரில் இழுப்பு ஜாஸ்தியானது. ஒரு நாள் காலையில் பம்பை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. தீர்ந்துவிட்டது. அவர் சும்மா விடுவாரா? வீடு முழுக்க இழுப்பு. என் மார்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினார். "யோவ், நான் இன்னா பண்ணட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன், பாதி வார்த்தைக்கு மேல் வரவில்லை. நல்லவேளை, தேவிப்ரியா அன்று வந்திருந்தாள். என் உதடு நீலம் பாய்ந்து கிடந்ததாம். ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்த பிறகு பேச்சு வந்தது. "மருந்து எனக்கில்லம்மா. எங்க வூட்டுக்காரருக்கு. அவருக்குத்தான் பம்பு தீந்துபோச்சு" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். தேவிப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, தன் காதிலிருந்த குழாயைக் கழற்றி என் காதில் மாட்டி, மறுமுனையை என் மார்பில் வைத்தாள்.

உள்ளே அவர் இருந்தார். அதே விசில், அதே கொரகொரப்பு.

"இது உங்க மூச்சும்மா. அவருக்கு இருந்த நோவுதான் உங்களுக்கும்."

"நான் ஒரு பீடியும் தொட்டதில்லயேம்மா."

"வெறகடுப்புப் பொகையும் அதே வேலையத்தான் செய்யும். வருஷக்கணக்கா உள்ள போயிருக்கு. அவரோட மருந்தை நீங்க இழுத்தீங்க, அதான் உங்க இழுப்பு நின்னுச்சு."

அழுகை வந்துவிட்டது. நோவை நினைத்து அழுகிறேன் என்று மகள் முதுகைத் தடவினாள். நோவு கிடக்கட்டும். அவர் வரவேயில்லையே. இத்தனை நாள் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்தது. என் பெயருக்கே பம்பு கொடுத்தார்கள். மெதுவாக இழுத்து, முடிந்த மட்டும் மூச்சைப் பிடித்துவைத்து, பிறகு விட்டு, வாய் கொப்பளிக்க வேண்டும். தவறாமல் செய்தேன். இழுப்பு அடங்கியது. மாடிப்படி ஏறினால் என் கால் சத்தம் மட்டும்தான். அந்த வீட்டில் நான் இவ்வளவு தனியாக என்றைக்குமே இருந்ததில்லை.

தை அமாவாசை வந்தது. இலை போட்டுப் படைத்தேன். தேவிப்ரியா காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்குப் போயிருந்தாள். எனக்கும் மருந்து வேளை. பழக்கதோஷத்தில் குடுவை படத்தை நோக்கிப் போனது. பாதியில் கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு நான்தான் மொதல்ல" என்று சொல்லி என் வாயில் வைத்து இழுத்தேன். டிக். டாக்டரம்மா சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் இழுப்பு கேட்டது.

என் மார்பு அசையவில்லை. நான் அடக்கினால் அடங்கிவிடும் சத்தம், இப்போது அடங்கவில்லை. மெல்லிய விசில், அடியில் கொரகொரப்பு, காதோரமாக வந்து நின்றது.

மூச்சை விட்டேன். பம்பை இன்னொரு முறை அழுத்தி, குடுவையைப் படத்தின் வாய்க்கு நேராக நீட்டினேன்.

டிக்.

"மிச்சம் வெக்காத, முழுசா இழுத்துக்கோய்யா" என்றேன். "என் பங்க நான் எடுத்துக்கிட்டேன்."