எரியாத சிவப்பு விளக்கு

நுமாஸு ஊரில் குசகாபேயைப் போல் ஒரு மரியாதைக்காரர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தம் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுத்தால், எஞ்சினைப் போடாமல் சந்துமுனை வரை தள்ளிக்கொண்டே போவார். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக் கூடாதாம். ஸ்டார்ட் செய்த பிறகும் பூனை நடப்பதுபோலத்தான் ஓட்டுவார். இதற்கு எதற்கய்யா ஸ்போர்ட்ஸ் கார், ஒரு சைக்கிள் போதாதா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

அந்தக் கார் இன்று மதியம் கைவிட்டுப் போகவிருந்தது. போன வாரம் இஸு போகிற வழியில், சுரங்கப்பாதைக்குள் பேட்டரி செத்து நின்றுவிட்டது. பின்னால் நின்ற வண்டிக்காரர்களிடமெல்லாம் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார் குசகாபே. அவர் மனைவி சட்சுயோ அன்றைக்கே காரை வாங்கிக்கொள்ள கோஃபு ஊரிலிருந்து ஓர் ஆளைப் பேசி முடித்துவிட்டாள். வாங்குபவர் வருவதற்குள் கோளாறைக் கண்டுபிடித்தால் கார் வீட்டில், இல்லாவிட்டால் கோஃபுவில். குசகாபேக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துத் தோழன் ஒகிட்சு வோல்ட் மீட்டரும் கையுமாக வந்து சேர்ந்தான். மேட்டுத்தெருவில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். வரும்போதே கடுகடுப்பு.

"என் ஷெட்டுக்கு வந்தா பதினாலு வோல்ட் காட்டுது, நல்லா சார்ஜ் ஏறுது. உன் வீட்டுல மட்டும் எப்படிடா சாகுது? உன்னப் பாத்து பயப்படுதா?"

பெல்ட்டை அமுக்கிப் பார்த்தான். ஒயர்களை இழுத்துப் பார்த்தான். எர்த் கேபிளைச் சுரண்டி இறுக்கினான். எல்லாம் கச்சிதம். தன் வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, மீட்டரை வைத்தான். பன்னிரண்டு காட்டி, அதிலிருந்தும் மெல்ல இறங்கியது.

"சார்ஜே ஏறல. கொஞ்சம் மிதி."

குசகாபே முட்டையை மிதிப்பதுபோல ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

"மிதிடான்னா!"

"மெதுவாப் பேசுடா. எதிர்வீட்டுல கைக்குழந்தை தூங்குது."

டீத்தட்டோடு வந்த சட்சுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ராத்திரி பூரா அது வீறிட்டு அழுதுச்சே, உங்ககிட்ட வந்து மன்னிப்பு கேட்டுச்சா? நகருங்க!"

தட்டை மதில்மேல் வைத்தாள், கணவரை இழுத்து இறக்கிவிட்டு உட்கார்ந்தாள், ஒரே மிதி. சந்தே அதிர்ந்தது. வரிசையாக ஜன்னல்கள் திறந்தன. குசகாபே நாலு திசைக்கும் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். ஒகிட்சு மட்டும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினாலு! அவள் காலை எடுத்த பிறகும் பதினாலிலேயே நின்றது.

"அணைங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் திருப்புங்க. சிவப்பு சார்ஜ் விளக்கு எரியுதா?"

"அதெல்லாம் எரியாது," என்று முந்திக்கொண்டார் குசகாபே, பெருமை பொங்க. "ரெண்டு வருஷமா ஒரு தடவகூட எரிஞ்சதில்ல."

ஒகிட்சு தலையில் அடித்துக்கொண்டான். "அட மடையா! சாவி போட்டதும் அது எரியணும்டா. அந்த விளக்கு வழியாப் போற துளி கரண்ட்லதான் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரே கண்ணு முழிக்கும். இல்லேன்னா நல்லா முறுக்கினாத்தான் எழுந்திருக்கும். என் ஷெட்டு மேட்டுல இருக்கு, வேற வழியில்லாம மிதிச்சு ஏறி வர்ற. அங்க நல்லாருக்கு. உன் மரியாதைதான்டா பேட்டரியக் கொல்லுது!"

டேஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினான். பல்பு கருகியிருக்கவில்லை. பல்பே இல்லை.

சட்சுயோ ஆறிப்போன டீயைப் பார்த்தாள். "நான்தான் கழட்டினேன்."

"என்னது!"

"முன்ன பெல்ட் தளர்ந்து கெடந்தப்போ மினுக்கு மினுக்குனு எரிஞ்சுது. பெல்ட்ட மாத்தின அப்புறமும் இவரு கண்ணு அதவிட்டு நகரல. இஸு வரைக்கும் பக்கத்துலயே கடலு, நான் பாட்டுக்குப் பேசிட்டே வரேன். இவரு அந்த விளக்கையே முறைச்சிட்டு 'ம்', 'ம்'ங்கிறாரு. அதக் கழட்டின பிறகுதான் வாயத் தெறந்து ரெண்டு வார்த்தை பேசினாரு."

ஒகிட்சு விழுந்து விழுந்து சிரித்தான். "கழட்டினதும் நீங்க, நின்னுபோகுதுன்னு விக்கிறதும் நீங்களா? நல்ல கூத்து!"

சட்சுயோவின் காது சிவந்துவிட்டது. கார் பிழைத்துவிட்டது, இனி சாகும்வரை சொல்லிக்காட்டலாம் என்று குசகாபே வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் கடல்வழியில் அவள் என்னதான் பேசினாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை மூடிக்கொண்டார்.

ஒகிட்சு டப்பாவிலிருந்து புதுப் பல்பை எடுத்தான். குசகாபே அவன் கையைப் பிடித்தார்.

"வெளிச்சம் இல்லாம, அந்த வேலைய மட்டும் செய்யிற மாதிரி ஏதாச்சும் இருக்காடா?"

"ரெசிஸ்டர் ஒண்ணு வெச்சுக் கட்டலாம். ஆனா நெசமாவே சார்ஜ் நின்னா உனக்குத் தெரியாதேடா."

"தெரியாமப் போகட்டும்."

சந்துமுனையில் ஹாரன் கேட்டது. கோஃபுக்காரர் வந்து இறங்கினார். சட்சுயோ அவர் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தாள்.

"மன்னிக்கணும்ங்க. வண்டிய விக்கல. வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப யாருகிட்டம்மா கோளாறு?" என்றார் அவர், வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு.

"என்கிட்டதான்," என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.