மடக்கிப் பார்க்கும் விரல்

குரோம்பேட்டையில் செருப்புக்கு அடிப்பாகம் செய்யும் சோல் கம்பெனியில் அருள்மேரியின் கட்டைவிரலுக்குத் தப்பிய சோல் கிடையாது. அச்சிலிருந்து வந்ததை எடுப்பாள், இரண்டாக மடக்குவாள், மடிந்த முதுகில் நகத்தை வைத்து அழுத்துவாள். வெடிப்பு தெரிந்தால் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஆறு வருடமாக இதே வேலை.

சோல் ஊற்றும் சரக்குக்கு அங்கே பி.யு. என்று பெயர். இரண்டு பீப்பாய் மருந்து கலந்து பொங்கி, சட்டென்று இறுகும். புதிதில் ரப்பரைத் தோற்கடிக்கும். கிடங்கில் நாலைந்து வருடம் கிடந்த பெட்டியைப் பிரித்தால், யார் காலும் படாத சோல் பிட்டு மாதிரி உதிரும். "போட்டாலும் தேயும், போடாட்டியும் சாவும். நம்ம பொழப்பு மாதிரி" என்பார் மேஸ்திரி முஸ்தபா.

அருள்மேரியின் இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி இருப்பது முஸ்தபாவுக்குத் தெரியாது. எண்பத்து நாலாம் வருஷம் நெஞ்சு தாளம் தப்பியபோது வைத்த பேஸ்மேக்கர். யாரோ வெளிநாட்டார் தர்மமாகக் கொடுத்தது. அதிலிருந்து ஒரு ஒயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. மிச்ச ஒயர் பெட்டியைச் சுற்றிச் சுருண்டு, தடவினால் மண்புழு போலத் தட்டுப்படும். வெளியே சொன்னால் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கல்குவாரியில் புருஷன் சவுரிமுத்துவின் கால் நசுங்கியதிலிருந்து, அஸ்தினாபுரம் வீட்டில் உலை கொதிப்பது இவள் கையால்தான்.

தொண்ணூற்றொன்று ஜூனில் ஒருநாள், சோலை மடக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜைமேல் சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தது முஸ்தபாதான்.

"இன்னா மேரி, சாப்ட்டியா இல்லியா?"

"சாப்ட்டேண்ணா."

"அப்புறம் இன்னா? முழுகாம கிறியா?"

"நாப்பது வயசுலயா? போண்ணா."

பெண்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது மயக்கம். மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினாள்.

டாக்டரம்மா மார்பில் ஒயர்களை ஒட்டி, இடது கையைத் தூக்கச் சொன்னார். காகிதத்தில் ஓடிய கோடு நடுநடுவே படுத்தது.

"ஒயரோட மேல் உறை வெடிச்சிருக்கும்னு தோணுது. கரண்ட் வழியிலேயே கசியுது."

"இன்னா உறைம்மா?"

"பாலியூரித்தேன்."

பீப்பாயில் ஒட்டியிருக்கும் பெயர். முஸ்தபா எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறார். அருள்மேரி நிமிர்ந்தாள். "பி.யு.வா? எங்க சோலு செய்யிறதா?"

"அதே குடும்பம், வகை வேற. உங்க சோல் ஈரத்துல உதிரும். இது ஈரத்தைத் தாங்கும். ஆனா இழுபட்ட இடத்துல, மடிஞ்ச இடத்துல, வருஷக்கணக்குல உடம்புக்குள்ள கிடந்து முடி மாதிரி வெடிப்பு விடுது. வைக்கும்போது இது எங்களுக்கும் தெரியாது."

"புடுங்கிப் போட்டுடுங்கம்மா."

"முடியாது. ஏழு வருஷமா சதை ஒட்டி வளர்ந்திருக்கு. இழுத்தா இதயமே கிழிஞ்சாலும் கிழியும். அது உள்ளேயே இருக்கட்டும். வலது பக்கம் புதுசு வைக்கணும்." டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "அந்த இடத்தை அழுத்துற பழக்கம் உண்டா?"

தினமும் விடிந்ததும், ரவிக்கை போடுவதற்கு முன்னால், வலது கட்டைவிரலால் அந்த மண்புழுவை மேலே தள்ளி, மடக்கி, நகம் வைத்துப் பார்ப்பாள். நல்லா இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மடக்கிப் பார்க்காமல் எதையும் நம்பாத விரல் அது. இதைச் சொன்னால், தர்மத்துக்கு வந்ததைத் தானே கெடுத்துக்கொண்டவளுக்கு இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டால்?

"இல்லம்மா."

"அப்ப தானா வெடிச்சிருக்கு, சரக்குலயே கோளாறு. இதே பார்சல்ல வந்த ஒயர் இன்னும் நாலு பேருக்கு வச்சிருக்கோம். அவங்களையும் கூப்பிட்டுத் திறந்து மாத்தவேண்டியதுதான்." டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

அருள்மேரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் தன் உயிர் போகலாம். சொல்லாவிட்டால் முகம் தெரியாத நாலு பேர் நெஞ்சில் கத்தி விழும்.

"எழுதாதம்மா. நாந்தான். தினம் மடக்கிப் பாத்துகினு இருந்தேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற முன்னாடிகூட."

டாக்டரம்மா அவள் விரலைப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்தார். "நீ மடக்காட்டியும் வெடிச்சிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அந்த நாலு பேரை முதல்ல டெஸ்ட் மட்டும் பண்ணுவோம். உனக்குப் புதன்கிழமை ஆபரேஷன்."

புதன்கிழமை முடிந்து வார்டில் கண் விழித்தபோது வலது தோளில் கட்டு இருந்தது. இடது பக்கம் பழைய ஒயர் உள்ளேயே முடங்கிக் கிடந்தது, கழற்றி எறிய முடியாத அறுந்த செருப்பாக.

"புதுசு எதுல செஞ்சதும்மா?"

"சிலிகான்."

"எத்தினி வருசம் தாங்கும்?"

"நல்லாத் தாங்கும்னு சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா. இவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வலது கையை அசைக்கக் கூடாது. இதுவரை ஒரு சோலையும் சோதித்திராத இடது கை மெல்ல எழுந்து கட்டின்மேல் ஊர்ந்தது. கட்டிலோரம் நின்றிருந்த சவுரிமுத்து ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டான்.

"கைய எடுடி. கம்பெனிக்குத்தான் நீ செக்கரு."

"வுடுய்யா. சும்மா, கீதான்னு பாக்குறேன்."

"வுடமாட்டேன்."

அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். உள்ளே அவள் கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்து, மறுபடி மடங்கியது.