தையல்கார அக்காவுக்குக் கை இல்லை

காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறேன். மகளை எழுப்புகிறேன். எழுந்திருக்க மாட்டாள். மறுபடி எழுப்புகிறேன். பல் தேய்த்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்காருவாள். தலை சீவுகிறேன். இரட்டைப் பின்னல். இடது பக்கம் ஒழுங்காக வரும். வலது பக்கம் காதுக்கு மேலே ஏறிவிடும். "பரவால்ல, விடுப்பா" என்பாள். ரொட்டி, பழம், தண்ணீர் பாட்டில். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்க்கிறேன். கைகளை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்கிறேன். அவள் என் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

பள்ளிக்கூடத்துக்கு நேர்வழி கடைத்தெரு. நாங்கள் அதில் போவதில்லை. பின்பக்கம் கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு போகிறோம். என் மனைவி இறந்ததிலிருந்து இப்படித்தான். மகளின் ஏற்பாடு.

கடைத்தெரு அந்த நேரத்தில் அடைத்திருக்கும். ஒவ்வொரு ஷட்டரிலும் ஓர் ஆள் நிற்பார். எல்லாம் என் மனைவி வரைந்தது. அந்தந்தக் கடைக்காரரையே அவரவர் ஷட்டரில் வரைந்தாள். முகம் அச்சு அசலாக இருக்கும். சைக்கிள் கடைக்காரரின் ஒரு பக்கம் தூக்கிய மீசைகூடத் தப்பவில்லை.

கை மட்டும் அவளுக்கு வராது. விரல் வரைந்தால் வாழைப்பழச் சீப்பு போல இருக்கும். அதனால் ஒளித்து வைத்துவிடுவாள். காய்கறிக்காரம்மாவின் கைகள் பூசணிக்காய்களுக்குப் பின்னால். சாவி செய்கிறவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் பார்க்க வந்த அதிகாரி மாதிரி நிற்பார். முடிவெட்டும் அண்ணனின் இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டில்.

"ஏம்மா, பாக்கெட்ல கைய விட்டுட்டு நிக்கிறவன்கிட்ட எவன் தலையக் குடுப்பான்?" என்று அவர் சண்டைக்கு வந்தார்.

"பயந்தாங்கொள்ளி எல்லாம் தைரியமா குடுப்பான் அண்ணே. கத்தி உங்க கையில இல்லன்னு தெரியுதுல்ல?" என்றாள்.

அன்றிலிருந்து தெரு அவளைக் 'கைகாரி' என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

கடைசியாக எடுத்தது தையல்கார அக்காவின் ஷட்டர். மெஷினில் தைக்கிற மாதிரிதான் வேண்டும், இரண்டு கையும் தெரிய வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். முகம், கழுத்தில் தொங்கும் டேப், மெஷின், தைக்கிற மஞ்சள் துணி, எல்லாம் முடித்தாள். கைகளை மணிக்கட்டோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காய்ச்சல். அந்த வாரமே போய்விட்டாள்.

"அம்மா அந்த அத்தைக்குக் கையே குடுக்காம போயிட்டா. நான் அந்தத் தெருவுக்கு வரமாட்டேன்" என்றாள் மகள். அழவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கடைத்தெருவில் அவளுக்கு வாய் ஓயாது. ஷட்டர் ஷட்டராக நின்று படத்தோடு பேசுவாள். பூசணிக்காயின் விலையைக் குறைத்துக் கேட்பாள். கிடங்கு வழியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு அந்த வாய் திரும்பக் கிடைக்க வேண்டியிருந்தது. எப்படி என்று தெரியவில்லை.

தெருக்காரர்கள் எங்களைச் சும்மா விடவில்லை. காய்கறிக்காரம்மா தினமும் ஒரு பாத்திரத்தில் குழம்பு அனுப்பினார். பாத்திரங்கள் சேர்ந்து அலமாரி மூடவில்லை. சாவிக்காரர் ஒழுகாத குழாயை வந்து வந்து பழுது பார்த்தார். இப்போது ஒழுகுகிறது. முடிவெட்டும் அண்ணன் ஆறுதல் சொல்ல வருவார், பேச்சு வராது, உடனே கத்திரியை எடுத்துவிடுவார். ஒரே மாதத்தில் எனக்கு அத்தனை முறை முடிவெட்டியதில், நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வந்த ஒரு பெரியவர், "தம்பி புதுசா பட்டாளத்துல சேந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஒரு சாயங்காலம் அண்ணன் கத்திரி இல்லாமல் வந்தார். சைக்கிள் கடைக்காரரும் கூட வந்தார்.

"தம்பி, பாப்பா ஏன் நம்ம தெருவுக்கு வரதில்லன்னு தையல்காரம்மா சொன்னாங்க. இனி கவலைய விடுங்க. பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒருத்தரப் புடிச்சிருக்கோம். கை வரையறதுல மன்னன். ஞாயித்துக்கிழமை காலைல கை ரெடி."

"கீழ ஒரு வரி எழுதறோம், கைகாரி நினைவா," என்றார் சைக்கிள் கடைக்காரர். "'கலைக்கு ஏது மரணம்'னு இவரு சொல்றாரு."

"ஏன், அதுக்கு என்ன?"

"அது லாரிக்குப் பின்னாடி எழுதறதுய்யா."

"உன் கடைக்கு வர்ற லாரிய எல்லாம் நான் பாத்திருக்கேன். 'ஹாரன் அடி'ன்னுதான் எழுதியிருக்கு."

கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டார்கள். பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவங்க கடைசியா ஏதாச்சும் சொல்லியிருப்பாங்கல்ல? அதையே எழுதிடலாம்."

சொன்னது நினைவிருந்தது. ஷட்டரில் எழுதுகிற மாதிரி இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிடம் கை வந்துவிட்டது என்று சொன்னேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஷட்டரைப் போர்வையால் மூடியிருந்தார்கள். மொத்தத் தெருவும் நின்றது. வந்திருந்த ஓவியர் கழுத்தில் துண்டோடு ஓரமாக நின்றார். அண்ணன் போர்வையை இழுத்தார்.

கை என்றால் அதுதான் கை. நீண்ட விரல்கள். நகத்தில் வெளிச்சம். துணியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

காய்கறிக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "இது யாரு கைங்க?"

"தையல்காரம்மா கைதான்" என்றார் அண்ணன்.

தையல்கார அக்கா தன் கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். விரலெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. "அந்தக் கைய வச்சுக்கிட்டு ஒரு பட்டன்கூடத் தைக்க முடியாதுப்பா" என்றார் ஷட்டரைக் காட்டி. "மோதிர விளம்பரத்துக்குத்தான் ஆவும்."

"மேடம், அழகா இருக்கட்டுமேன்னு..." என்றார் ஓவியர்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் வைக்கணும்போல இருக்கு."

எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள். அவள் ஷட்டருக்குப் பக்கத்தில் போய், வரைந்த விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அழுதால் இனி இந்தத் தெரு அவ்வளவுதான்.

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"மாமா, அம்மா கை வரைய மாட்டா. உங்களுக்குத் தெரியாதா? அம்மா ஒளிச்சு வைப்பா."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே. பாக்கெட்ல கையோட இத்தன வருஷம் நிக்கிறேன், எனக்குத் தோணல பாரு!"

"இப்ப எங்கடி ஒளிக்கிறது?" என்றார் தையல்கார அக்கா.

"பூன போடலாம், மெஷின் மேல" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"பூன வேணாம். என் துணியெல்லாம் பிராண்டும்."

"படத்துல இருக்கற பூனைங்க!"

"படத்துல இருந்தாலும் பூன பூனதான்."

"துணி" என்றாள் மகள். "அத்தை தைக்கிற துணி நிறைய்ய இருக்கு. மடியில குவிஞ்சு, மெஷின் மேல எல்லாம் ஏறிடுச்சு. கை உள்ள இருக்கு."

ஓவியர் தான் வரைந்த கைகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். இவ்வளவு நேர்த்தியான வேலையை மூடச் சொன்னால் யாருக்கும் வலிக்கும். பிறகு சிரித்துவிட்டு, மஞ்சள் டப்பாவைத் திறந்து, பெரிய பிரஷ்ஷை மகளிடம் நீட்டினார். "ஓரத்த நான் பாத்துக்கறேன். நடுவுல நீ அடி ராஜாத்தி."

அவளுக்கு உயரம் போதவில்லை. "அப்பா, தூக்கு" என்றாள்.

நான் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டேன். பிரஷ்ஷிலிருந்து என் மொட்டைத் தலையில் மஞ்சள் சொட்டியது. சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார், தெரு முழுக்கத் தொற்றிக்கொண்டது. துணி ஏறிக்கொண்டே போனது. மடியை மூடியது, கைகளை மூடியது, மெஷினில் பாதியை விழுங்கியது. "போதும்டி, என்னையும் மூடிடாத" என்று அக்கா கத்தினார். மகள் துணியிடமே பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் மேலே ஏறு, அங்கே ஒரு விரல் தெரிகிறது என்றாள். என் காதுக்குப் பக்கத்தில் அந்த வாய் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பால் காய்ச்சினேன். தலை சீவினேன். வலது பின்னல் வழக்கம்போல மேலே ஏறியது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மகள் கிடங்குப் பக்கம் போகாமல் கடைத்தெருவைப் பார்த்து நின்றாள். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

சாவிக்காரருக்கு வணக்கம் வைத்தாள். பூசணிக்காய் விலை ஏறிவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டாள். தையல் கடை முன்னால், திறக்கிற நேரத்துக்கு வெகு முன்பே, முடிவெட்டும் அண்ணன் சிறிய பிரஷ்ஷும் கறுப்புப் பெயின்டுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் துணிக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தது.

"தம்பி, இப்பவாச்சும் சொல்லுங்க. அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

மகளும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை என் கைக்குள் இருந்தது.

சொன்னேன். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் போடுவதற்கு முன்பு நர்ஸைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். கட்டில் பக்கத்தில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"பாக்கெட்லேருந்து கைய எடு. நான் வரைஞ்ச மாதிரியே நிக்கிற."